காணாத பிளவைக் கணிப்பவர்

ஆழமறியாமற் காலை இடாதே என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆனால், சென்று பார்க்க ஒருபோதும் இயலாத ஆழத்திலே நாள்தோறும் காலை இட்டு வாழவேண்டிய தொழில் ஒன்றும் உலகில் உண்டு. பெற்றோலியக் கிணற்றின் அடியிலுள்ள பாறையின் இயல்பைக் கணித்து, அந்தப் பாறையை நீரின் அமுக்கத்தாற் பிளந்து, உண்டான பிளவின் நீள அகலங்களை மேலே நின்றவாறே கணக்கிட்டுச் சொல்லும் பொறியியலாளரின் தொழிலே அது.

பொறியியலாளர் என்றால் வீதி அமைப்பவர், பாலம் கட்டுபவர், இந்நாளிலே கணனியோடு உழைப்பவர் என்ற அளவில் நம் இல்லங்களிற் பேச்சு நின்றுவிடுகிறது. பாலம் கட்டியவர் மறுநாளே அதன்மீது நடந்து பார்க்கலாம். பிளவைக் கணிப்பவருக்கு அந்தப் பேறு இல்லை. முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறுபவரும் தாம் உண்டாக்கிய பிளவுகளுள் ஒன்றையேனும் கண்ணாற் கண்டிருப்பது அரிது. அவர் கண்டதெல்லாம் அமுக்கமானியின் ஏற்ற இறக்கமும், பின்னர் அந்தக் கிணறு தந்த எண்ணெயின் அளவுமே. இவ்வளவை வைத்துக்கொண்டு அவர் எவ்வாறு முடிவு கூறுகிறார், அம்முடிவை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நிலத்தின் கீழே எண்ணெய் ஒரு குளம்போலத் தேங்கி நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மணற்கல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றின் நுண்ணிய துளைகளிலே அஃது ஊறிக் கிடக்கின்றது. துளைகள் இருந்தால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தாலன்றி எண்ணெய் நகராது. பிரான்சு தேசத்து டிஜோன் நகருக்குக் குடிநீர் வசதி செய்த ஹென்றி டார்சி என்பவர், மணற்படையினூடே நீர் செல்லும் வேகத்தை அளந்து 1856 இல் ஒரு விதியை வெளியிட்டார். நம் வளவுக் கிணற்றில் மணலினூடே நீர் ஊறுவதற்கும், அராபிய நாட்டிலே மணற்கல்லினூடே எண்ணெய் ஊறுவதற்கும் அந்த ஒரே விதிதான்.

அவ்விதியை அடிப்படையாகக் கொண்டு எண்ணெய்த் தேக்கப் பாறையைக் கற்பனையிலே சிறு சிறு கட்டிகளாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டியிலும் அமுக்கம் எவ்வளவு, அண்டைக் கட்டிக்கு எவ்வளவு எண்ணெய் செல்லும் என்று கணக்கிட்டுக்கொண்டே போனால், பத்து ஆண்டுகளின் பின் கிணறு என்ன தரும் என்பதை இன்றே கூறலாம். கையாற் செய்ய இயலாத இக்கணக்கைக் கணனியிற் செய்ய வழிகாட்டியவர்கள், ஹூஸ்டன் நகரில் ஹம்பிள் எண்ணெய்க் கம்பனியிற் பணியாற்றிய பீஸ்மன், றாச்போட் என்ற இருவர். 1955 இல் அவர்கள் வெளியிட்ட முறை இன்றும் மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. இத்தகைய கணக்குருவத்தையே மாதிரியுரு என்கிறோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாதிரியுரு சரியானதா என்று அறிய, கிணறு கடந்த காலத்திலே தந்த கணக்கோடு அதனை ஒப்பிடுவர். பொருந்தாவிட்டால், பாறையின் இயல்பைக் குறிக்கும் எண்களைப் பொருந்தும்வரை மாற்றுவர். ஆனால், முற்றிலும் வேறுபட்ட இரண்டு மூன்று மாதிரியுருக்கள் ஒரே பழங்கணக்குக்குப் பொருந்திவிடக் கூடும். சென்ற காலத்தில் ஒன்றுபட்டவை வருங்காலத்தில் வெவ்வேறு திசையிற் போகும். இதனை மனத்திற் கொண்டே மேலே வாசிக்கவேண்டும்.

பாறையின் துளைகள் தொடர்பற்றிருந்தால் என்ன செய்வது? ஐக்கிய அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹியூகொற்றன் என்னும் இயற்கை வாயு வயலில், 1947 இல் ஸ்டனோலிண்ட் கம்பனியார் ஒரு பரிசோதனை செய்தனர். ஃபிளோயிட் ஃபாரிஸ் என்ற பொறியியலாளரின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது அது. போர்க்காலத்தில் தீக்குண்டுக்காகப் பெற்றோலைத் தடிக்கச் செய்த அதே நாபாம் முறையால் ஆயிரம் கலன் பெற்றோலைப் பசையாக்கி, கிணற்றினுள்ளே பேரமுக்கத்தோடு செலுத்திச் சுண்ணாம்புக்கல்லைப் பிளந்தனர். கிணற்றின் வாயு கூடவில்லை. எனினும் பாறை பிளந்தது என்பது உறுதியாயிற்று. 1949 மார்ச் 17 இல் ஹலிபேட்டன் கம்பனியார் ஒக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் இதனை வியாபார முறையிற் செய்யத் தொடங்கினர். முதலாண்டிலேயே 332 கிணறுகளுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. பிளவோடு மணலையும் செலுத்துவர். அமுக்கம் நின்றதும் பாறை மீண்டும் மூடிக்கொள்ள முனையும். அப்பொழுது மணல் இடையே முட்டுக்கொடுத்து வழியைத் திறந்து வைத்திருக்கும்.

தொழில் வளர்ந்தது, பணம் பெருகிற்று. ஆனால், அந்தப் பிளவு எந்த வடிவினது என்பது ஒருவருக்கும் தெரியாது. தோசையைப் போலக் கிடையாகக் கிணற்றைச் சுற்றிப் பரவுகின்றது என்பதே அக்காலத்திற் பலருடைய எண்ணம்.

இந்த இடத்திலேதான் மரியன் கிங் ஹபேட் என்பவர் வருகிறார். 1903 இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் சாபா என்னுமிடத்திற் பிறந்து, சிக்காகோ பல்கலைக்கழகத்திற் பௌதிகமும் கணிதமும் புவிச்சரிதவியலும் ஒருங்கே கற்றவர். புவிச்சரிதவியலார் கணிதத்தை அஞ்சி ஒதுங்கிய காலத்திலே இம்மூன்றையும் ஒருவர் சேர்த்துக் கற்றது பெரிய காரியம். சில காலம் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் கற்பித்தபின், 1943 இல் ஷெல் கம்பனியிற் சேர்ந்து இருபத்தொரு ஆண்டுகள் பணியாற்றினார். எவரோடும் வாதிடத் தயங்காதவர்; தம் முடிவு சரியென்பதில் ஐயமே கொள்ளாதவர் என்று அவரை அறிந்தோர் கூறுவர். இவ்வியல்பினால் அவர் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

1957 இல் டேவிட் வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, தோசை வாதத்தை எளிய கணக்கால் அசைத்தது. நிலத்தின் கீழே செல்லச் செல்ல, ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் வீதம் மேலுள்ள பாறையின் பாரம் கூடுகின்றது. பதினாயிரம் அடி ஆழத்தில் அது பதினாயிரம் இறாத்தல். கிடையான பிளவு உண்டாக வேண்டுமானால் இந்தப் பாரம் முழுவதையும் நீரமுக்கம் மேலே தூக்கவேண்டும். ஆனால், வயல்களிற் பெரும்பாலும் அதனிலும் எவ்வளவோ குறைந்த அமுக்கத்திலேயே பாறை பிளந்துகொண்டிருந்தது. தூக்காத பாரத்தின் கீழே கிடைப்பிளவு எங்ஙனம் உண்டாகும்?

விடை இதுதான்: பாறையை மேலிருந்து அழுத்தும் தகைப்பு ஒன்று, பக்கங்களிலிருந்து நெருக்கும் தகைப்பு இரண்டு. இம்மூன்றும் சமமல்ல. எந்தத் திசையில் நெருக்கம் மிகக் குறைவோ, அந்தத் திசையில் விலகித் திறப்பதே பிளவுக்கு எளிது. பெரும்பாலான ஆழ்நிலங்களிற் குறைந்த நெருக்கம் பக்கவாட்டில் இருப்பதனாற் பிளவு நிமிர்ந்து சுவர்போல் நிற்கும். நாற்புறமும் மலைகளை மடிக்கும் அளவுக்குப் பக்க நெருக்கம் மிகுந்த இடங்களில் மட்டுமே அது கிடையாகும்.

இதனை மெய்ப்பிக்க அவர்கள் செய்த பரிசோதனை, பாடசாலை மாணவரும் செய்யக்கூடியது. வளையும் பொலித்தீன் பாத்திரம் ஒன்றில் ஜெலற்றின் களியை உறையவிட்டு, நடுவே கிணறுபோல ஒரு கண்ணாடிக் குழாயை அமைத்தனர். பாத்திரத்தை இரு புறமும் அழுத்தியவாறு, பரிஸ் சாந்துக் கரைசலைக் குழாயினூடே உள்ளே செலுத்தினர். சாந்து இறுகியதும் களியை நீக்கினால் பிளவின் அச்சு அப்படியே கையில் வந்தது. பக்கமாக அழுத்தியபோது அது நெட்டையாக நின்றது. மேல் கீழாக நெருக்கம் குறையுமாறு அழுத்தியபோது கிடையாகப் படுத்தது.

களி எங்கே, கருங்கல் எங்கே என்று கேட்கத் தோன்றும். அதற்கும் அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே விடை தேடி வைத்திருந்தார். மலையைச் சிறிதாக்கி மாதிரி செய்தால் அதன் வலிமையையும் அதே விகிதத்திற் குறைக்கவேண்டும் என்பதை 1937 இல் எழுதிய கட்டுரையிற் காட்டினார். டெக்சாஸ் மாநிலம் முழுவதையும் ஒரே கல்லாகப் பெயர்த்து ஒரு பாரந்தூக்கியால் உயர்த்தினால் அது தன் பாரத்தாலேயே நொறுங்கிவிடும் என்று பின்னொருமுறை வேடிக்கையாக விளக்கினார். மேசைமீது வைக்கத்தக்க மாதிரியில், பூமியின் பாறைக்கு ஒப்பான பொருள் கல்லன்று, களியே.

இன்று நிலத்தினுள்ளே கிடையாக மைல் கணக்கிற் செல்லும் கிணறுகளை எந்தத் திசையில் துளைப்பது என்று தீர்மானிப்பவர், ஹபேட்டின் இந்த முடிவைத்தான் பயன்படுத்துகிறார். நெருக்கம் குறைந்த திசையிலே கிணறு சென்றால், பாண் துண்டுகள் போலப் பிளவுகள் அதனைக் குறுக்கே வெட்டி வரிசையாக நிற்கும்.

பிளவு நிற்கும் திசை தெரிந்தது. அகலமும் நீளமும்? 1955 இல் சோவியத் நாட்டுக் கிறிஸ்தியனோவிச், ஷெல்தோவ் ஆகியோரும், 1961 இல் அமெரிக்கரான பேர்கின்ஸ், கேர்ண் ஆகியோரும், 1969 இல் ஒல்லாந்தரான கீர்ட்ஸ்மா, டி கிளேர்க் ஆகியோரும் இதற்கு மாதிரியுருக்கள் அமைத்தனர். கணிதத்தை இங்கே எழுதப்போவதில்லை. அதன் உயிர்நாடி நம் தோட்டத்திலேயே இருக்கிறது. வாய்க்காலில் நீரை இறைத்துவிடுகிறோம். ஒரு பங்கு மண்ணில் ஊறிப்போகிறது. எஞ்சியதே முன்னேறிப் பாத்தியை அடைகிறது. பிளவும் அப்படியே. செலுத்திய நீரில் பாறைக்குள் ஊறியது போக மிஞ்சியதே பிளவின் கொள்ளளவு. நூற்றுக்கணக்கான அடி நீண்ட பிளவின் அகலம் கால் அங்குலமே இருக்கலாம். ஊறும் அளவைப் பிழையாகக் கணித்தால், மணல் பாதி வழியிலேயே அடைத்துக்கொள்ளும். பம்பிகளை நிறுத்த வேண்டியதுதான்.

நகைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பேர்கின்ஸ், கேர்ண் மாதிரியுருவை விரிவாக்கிய வடிவின்படி, பிளவு நீள நீள அதனுள் அமுக்கம் ஏறவேண்டும். கிறிஸ்தியனோவிச், கீர்ட்ஸ்மா வழியின்படி அமுக்கம் இறங்கவேண்டும். இரண்டும் பிழையற்ற கணிதம். எடுத்துக்கொண்ட வடிவமே வேறு. எது உண்மை என்பதை அந்தந்தக் கிணற்றின் அமுக்கமானியிடமே கேட்கவேண்டும் என்று காட்டியவர், ஸ்டனோலிண்டின் வழிவந்த அமோகோ கம்பனியைச் சேர்ந்த கென்னத் நோல்டி. பம்பிகளை நிறுத்தியபின் அமுக்கம் எந்த விதமாகத் தணிகிறது என்பதிலிருந்து, நீர் எவ்வளவு ஊறுகிறது என்பதையும் பிளவு எப்பொழுது மூடுகிறது என்பதையும் பிரித்தறியும் முறையை 1979 இல் அவர் வெளியிட்டார். பெரிய வேலைக்கு முன் சிறிதளவு நீரைச் செலுத்தி, நிறுத்தி, காத்திருந்து பார்க்கும் வழக்கம் அதன்பின் பரவிற்று. என்னைக் கேட்டால், இத்துறையிற் செய்யப்பட்ட மிகப் பணிவான, ஆகவே மிகப் பயனுள்ள காரியம் இதுவே.

கண்ணாற் காண முயன்றவர்களும் இருந்தார்கள். நெவாடா மாநிலத்து அணுகுண்டுப் பரிசோதனை நிலத்தில் ஏற்கெனவே சுரங்கங்கள் இருந்தன. அங்கு சாண்டியா ஆய்வுகூடத்தார் 1970 களிலும் அதன் பின்னரும் பாறையைச் சாயநீராற் பிளந்து, பின்னர் அதனை நோக்கிச் சுரங்கம் வெட்டிச் சென்று பார்த்தனர். வேறு இடங்களிற் பிளந்த பாறையினூடே சாய்வாகத் துளையிட்டுக் கல்லை வெளியே எடுத்தனர். கணக்கு ஒரே ஒரு நேரான சுவரைக் கூறியிருந்தது; கல்லிலோ பல இழைகளாகக் கிளைத்த பிளவுகள் தென்பட்டன. மாதிரியுரு பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது சுருக்கம்.

இனி, ஹபேட்டின் மற்றொரு கணிப்பைப் பார்ப்போம். 1956 இல் சான் அந்தோனியோ நகரில் எண்ணெய்த் துறையினர் கூட்டத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி மணியின் வடிவிலே ஏறி இறங்கும் என்றும், மொத்தம் எடுக்கக்கூடிய எண்ணெய் 20,000 கோடி பீப்பாய் என்று தாராளமாக வைத்தாலும் 1970 அளவில் உச்சம் வந்து அப்பால் இறங்கும் என்றும் அவர் கூறினார். பலர் நகைத்தனர். 1970 இல் நாளொன்றுக்கு 96 இலட்சம் பீப்பாய் என்ற உச்சத்தை அடைந்த உற்பத்தி, பின்னர் இறங்கத் தொடங்கிற்று. நகைத்தவர்கள் அடங்கினர். 1989 இல் ஹபேட் காலமானபொழுது அவர் ஒரு தீர்க்கதரிசியாகவே மதிக்கப்பட்டார். 2008 இல் உற்பத்தி 50 இலட்சமாகத் தேய்ந்திருந்தது.

இதற்கிடையில் டெக்சாஸில் வேறொரு கதை நடந்தது. பார்னெற் என்று பெயர்பெற்ற, ஏடேடாய்ப் பிரியும் களிப்பாறையில் இயற்கை வாயு நிறைந்திருந்தது. ஆயினும் அது நகராது. கிரேக்கக் குடியேற்றத் தந்தையின் மகனான ஜோர்ஜ் மிற்செல், 1981 முதல் அங்கே கிணறுகளைத் தோண்டிக் கைப்பொருளைக் கொட்டிக்கொண்டிருந்தார். அகன்ற பிளவு உண்டாகவும் மணல் மிதந்து செல்லவும் தடித்த பசை வேண்டும் என்றது அக்கால மாதிரியுரு. அப்பசைக்குக் கொத்தவரை விதையின் மாவைச் சேர்ப்பர். இராஜஸ்தானத்து உழவர் விளைத்தது டெக்சாஸ் பாறைக்குள் போகிறது!

1997 இல் மிற்செல் கம்பனியின் பொறியியலாளர் நிக்கொலஸ் ஸ்டைன்ஸ்பேகர் என்பவர் மேற்பார்த்த கிணறு ஒன்றிலே பசை சரியாகத் தடிக்கவில்லை. மெல்லிய நீராகவே அஃது உள்ளே சென்றது. ஆயினும் கிணறு கெடவில்லை. கிழக்கு டெக்சாஸ் மணற்கல்லில் வேறொரு கம்பனியார் பெரும்பாலும் நீரையே செலுத்தி வெற்றி கண்டதும் அவர் செவிக்கு எட்டிற்று. மேலிடத்தார் தயங்கினர்; முதலிற் செய்த பரிசோதனைகளும் சோர்வையே தந்தன. 1998 இல் ஒரு கிணறு மாதக்கணக்கில் அமுக்கம் குன்றாமல் வாயுவைத் தந்தபொழுது வாதம் தீர்ந்தது. மலிவான மெல்லிய நீர், பாறையில் முன்பே இருந்த நுண்வெடிப்புக்களில் எல்லாம் புகுந்து வலைபோலப் பரவியது என்று பின்னர் விளக்கம் கூறினர். விளக்கம் பின்னர்தான் வந்தது என்பதை மாணவர் கவனிக்க.

அந்த முறை கிடைக்கிணறுகளோடு சேர்ந்து, வாயுவிலிருந்து எண்ணெய்க்கும் தாவிற்று. 2018 இல் ஐக்கிய அமெரிக்காவின் உற்பத்தி 1970 இன் உச்சத்தைக் கடந்தது. 2019 இல் நாளொன்றுக்கு ஒரு கோடியே 20 இலட்சம் பீப்பாயையும் தாண்டிற்று. ஹபேட்டின் மணி உடைந்தது. அதனை உடைத்த பிளவுகள் ஒவ்வொன்றும், அதே ஹபேட் ஜெலற்றின் களியிற் காட்டிய திசையிலேயே திறந்தன. அவருடைய கணிதத்திற் பிழையில்லை. மொத்தம் இவ்வளவே எடுக்கலாம் என்ற அந்த ஓர் எண், மனிதரின் கைத்திறனைப் பொறுத்தது. பாறையின் தகைப்போ எவர் திறனையும் பொறுத்ததன்று. ஒருவரே செய்த இரண்டு கணிப்புக்களில் ஒன்று நிற்க, மற்றது விழுந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நீரை உள்ளே செலுத்துவதில் ஆபத்து இல்லையா என்று பெற்றோர் கேட்பர். உண்டு. கொலறாடோவில் டென்வர் நகருக்கு அருகே, இராணுவத்தார் இரசாயனக் கழிவுநீரை 12,000 அடி ஆழக் கிணற்றில் 1962 மார்ச்சிற் செலுத்தத் தொடங்கினர். அடுத்த மாதமே நிலம் அதிர ஆரம்பித்தது. 1965 இல் டேவிட் எவன்ஸ் என்ற புவிச்சரிதவியலாளர், செலுத்திய நீரின் அளவும் அதிர்வுகளின் தொகையும் சேர்ந்தே ஏறி இறங்குவதைச் சுட்டிக்காட்டினார். 1966 இல் நிறுத்திவிட்டனர். ஆனால், மிகப் பெரிய அதிர்வுகள் 1967 இலேதான் வந்தன. நீரமுக்கம் பழைய பிளவுத்தளங்களின் பிடியைத் தளர்த்தும் என்பதை ஹபேட்டும் றூபியும் 1959 இலேயே எழுதியிருந்தனர். ஒக்லஹோமாவில் 2016 இல் வந்த 5.8 அளவிலான நடுக்கத்துக்கும் முக்கிய காரணம் கழிவுநீரை ஆழத்திற் செலுத்தியதே. பாறையைப் பிளக்கும் வேலையே நேராக நடுக்கம் உண்டாக்கியதும் உண்டு. இங்கிலாந்திலே பிளாக்பூல் நகருக்கு அருகில் 2011 இல் நிகழ்ந்தது அதுவே. 2019 இல் இங்கிலாந்து அரசு இவ்வேலையை நிறுத்திவைத்தது. இவற்றை முன்கூட்டிக் கணிப்பதும் அதே பொறியியலாளரின் பொறுப்பாகிவிட்டது.

இத்தொழிலை விரும்பும் மாணவருக்குக் கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதவை. புவிச்சரிதவியலை வேண்டாவெறுப்பாகக் கற்றலாகாது. இளம்பருவத்திற் பாலைவனத்திலும் பனியிலும் கிணற்றடியில் இரவு பகலாக நிற்கவேண்டியிருக்கும். எண்ணெய் விலை வீழ்ந்தால் வேலை போகும். 1986 இலும் 2015 இலும் 2020 இலும் பல்லாயிரவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எண்ணெயை எரிப்பதால் வளிமண்டலத்துக்கு நேரும் கேட்டையும் எவரும் மறைக்க இயலாது. ஆகவே வாழ்நாள் முழுவதும் எண்ணெயை நம்பலாம் என்று நான் கூறமாட்டேன். நம் நாட்டில், மன்னார்க் கடற்படுகையில் 2011 இற் தோண்டிய கிணறுகளில் இயற்கை வாயு காணப்பட்டதை நேயர் அறிவர். கண்டவர்கள் 2015 இல் விலகிச் சென்றனர். அங்கே கிடப்பது எவ்வளவு, எடுத்தாற் கட்டுப்படியாகுமா என்று கூறுவதும் மாதிரியுரு அமைப்பவரின் வேலையே.

கற்றது எண்ணெயோடு முடிந்துவிடுவதுமில்லை. யூட்டா மாநிலத்தில் மில்போட் என்னும் சிற்றூருக்கு அருகே, 8,000 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலுள்ள சூடான கருங்கல்லை 2022 இலும் 2024 இலும் இதே முறையாற் பிளந்தார்கள். ஒரு கிணற்றால் நீரை உள்ளே விட்டு, பிளவுகளினூடே சூடேறி வரும் அதனை மற்றொரு கிணற்றால் மேலே எடுத்து, அந்த வெப்பத்தால் மின்சாரம் உண்டாக்கலாமா என்று பார்ப்பதே நோக்கம். அங்கு எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை. பம்பிகள் நின்றபின் அமுக்கம் தணிவதைப் பார்த்துக்கொண்டு மேலே காத்திருக்கும் பொறியியலாளர்களிற் பலர் எண்ணெய் வயல்களிலிருந்து வந்தவர்கள்.